மழைக்குக் கொடுத்த பலி

திருக்குறளில் மழை எதனால் பொய்க்கிறது, எதனால் பெய்கிறது என்பதற்கு ஒரே ஒரு விடை இல்லை. ‘வான்சிறப்பு’ அதிகாரத்தில் மழை எவருடைய ஒழுக்கத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. கடலையும் மேகத்தையும் உழவனையும் பசியையும் பற்றிய பேச்சு அது. ‘வாழ்க்கைத் துணைநலம்’ அதிகாரத்தின் ஐந்தாவது குறளில் மழை ஒரு மனைவியின் பக்திக்குப் பணிந்துவிடுகிறது. ‘கொடுங்கோன்மை’யின் ஒன்பதாவது குறளில், அதாவது 559இல், அரசன் முறைதவறி ஆண்டால் வானம் பெய்யாது என்று வருகிறது. இப்படி மூன்று வாசல்கள் திறந்திருக்க, நம் மேடைகளும் திருமண வாழ்த்துரைகளும் நடுவில் இருக்கிற வாசல் வழியாகவே நுழைந்து பழகிவிட்டன. அந்தக் குறளைக் காப்பாற்ற, கேட்டபோது பெய்கிற மழையைப் போன்றவள் என்று உவமையாக்கிப் பொருள் சொன்ன நவீன உரைகளும் உண்டு. எனக்கு அந்த வழக்காடல் அலுத்துவிட்டது. நான் கேட்பது வேறு. 559ஆம் குறளை ஏன் யாரும் கல்யாண மண்டபத்தில் சொல்வதில்லை?

பருவநிலை மாற்றம் பற்றித் தமிழில் எழுதப்படுவதை வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ‘பூமித்தாய்க்குக் காய்ச்சல்’, ‘இயற்கை அன்னையின் சீற்றம்’, ‘வைகை என்னும் கைம்பெண்’ என்று கவிதைகளும் கட்டுரைகளும் குவிகின்றன. பெண் கவிகளாகிய நாமும் இதில் குறைவைக்கவில்லை. வெந்துபோகிற பூமிக்கு ஒரு பெண்ணுடலைக் கொடுத்துவிட்டால், யார் கொளுத்தினார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. தாய் பொறுப்பாள், தாய் மன்னிப்பாள், அதிகம் போனால் தாய் சபிப்பாள். தாய் கணக்குக் கேட்டதாக நம் இலக்கியத்தில் அதிகம் இல்லை.

கணக்கு என்று ஒன்று உண்டு. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் கூடியது என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஏழு சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும். மண்ணிலிருந்தும் கண்மாயிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். பிறகு மொத்தமாகக் கொட்டும். வறட்சியும் வெள்ளமும் ஒரே காரணத்தின் இரண்டு கைகள். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் பெய்த மழையில் செல்லூர் மூழ்கியது. கண்மாயின் மறுகால் நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போக வேண்டும். போக வழியில்லாமல் வீடுகளுக்குள் போனது. தல்லாகுளம், பீபிகுளம், உலகநேரி என்று குளத்தையும் ஏரியையும் பெயரில் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிற நகரம் இது. புகையை அதிகம் விட்டவர்கள் வேறெங்கோ இருக்கிறார்கள். உலகின் வசதிமிக்க பத்து சதவீதத்தினர் ஏறத்தாழப் பாதிப் புகைக்குப் பொறுப்பு. முழங்கால் தண்ணீரில் நின்று அடுப்பைத் தூக்கி அலமாரிமேல் வைத்தவர்கள் அந்தப் பத்தில் இல்லை.

இங்கேதான் சிலப்பதிகாரத்தை மறுபடி திறக்கச் சொல்கிறேன். கண்ணகி மதுரையை எரித்த பகுதியை அல்ல. அதை நாம் போதுமான அளவு திறந்தாயிற்று. நூலின் முகப்பில் பதிகத்தை அடுத்து வரும் உரைபெறு கட்டுரை. பாடத்திட்டத்தில் ‘படித்துக்கொள்க’ என்று விட்டுவிடுகிற சிறு உரைநடைப் பகுதி. மதுரை எரிந்த பிறகு பாண்டிய நாட்டில் மழை அற்றுப்போகிறது. வறுமை வருகிறது, உடலைக் காய்ச்சும் நோய் வருகிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் பரிகாரம் செய்கிறான். என்ன பரிகாரம்? பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கொன்று பலி கொடுக்கிறான். மழை பெய்கிறது, நோய் நீங்குகிறது. இதைக் கேள்விப்பட்டுக் கொங்கரும் இலங்கைக் கயவாகுவும் சோழனும் கண்ணகிக்குக் கோயில் எடுக்கிறார்கள். அங்கும் மழை பெய்கிறது.

குற்றம் செய்தவன் யார்? ஆராயாமல் தீர்ப்பளித்த அரசன். அவனை ஏவிவிட்டவன் ஒரு பொற்கொல்லன், ஒருவன். பலியானவர்கள் ஆயிரம் பேர், அந்தத் தொழிலில் பிறந்தார்கள் என்பதைத் தவிர வேறு தொடர்பு இல்லாதவர்கள். சிம்மாசனத்தின் கடனைப் பட்டறைக்காரர்கள் தங்கள் கழுத்தால் அடைத்தார்கள். பத்தினித்தெய்வ வழிபாட்டின் தொடக்கம், கண்ணகி தொன்மத்தின் பரவல் என்றெல்லாம் இந்தப் பகுதியை ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. நானும் முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் அப்படித்தான் குறிப்பெடுத்தேன். ஒரு வகுப்பில் மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, “அந்த ஆயிரம் பேரு வீட்டுப் பொம்பளைங்க அப்புறம் என்ன செஞ்சாங்கம்மா?” என்று கேட்டாள். அதற்கு எந்த உரையாசிரியரிடமும் விடை கிடையாது. ஒரு கைம்பெண்ணின் நீதிக்காக ஒரே நாளில் எத்தனை கைம்பெண்கள்! அவர்களில் எவருடைய முலைக்கும் நெருப்பாகும் உரிமை தரப்படவில்லை.

நாட்டார் வழக்கிலும் இதே ஏற்பாடுதான். மழை பொய்த்தால் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுப்பார்கள். ஊருக்கு ஊர் உருவம் மாறும். பெண்ணுருவாகச் செய்கிற ஊர்கள் உண்டு. மாரடித்து ஒப்பாரி வைப்பது மட்டும் பெண்களின் பங்கு. மழைச்சோறு எடுக்கும் வழக்கத்தில் பெண்கள் வீடுவீடாகப் போய் உப்பில்லாச் சோறு வாங்கி, ஊர்ப் பொதுவிடத்தில் கூடி உண்டு, இந்த ஊரில் இனிப் பிழைக்க முடியாது, போகிறோம் என்று பாடி அழுவார்கள். இதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அந்த அழுகைக்குள் ஒரு புலம்பெயர்வு அறிவிப்பு இருக்கிறது. வானத்தைப் பார்த்து வைக்கிற மனுதான் என்றாலும் ஊர்ப் பெரிய மனிதர்களின் காதிலும் விழட்டும் என்று வைக்கிற மனு. ஆனாலும் குற்றவாளியைத் தேடுகிற வேலை எப்போதும் கீழ்நோக்கியே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் காலத்தின் பொற்கொல்லர் யார் என்று கேட்டால் நான் அரிட்டாபட்டியைச் சொல்வேன். மதுரையிலிருந்து மேலூர் போகிற வழியில் ஏழு குன்றுகள், அவற்றின் மடியில் சுனைகள், நீர்நிலைகள், சமணப் படுக்கைகள், தமிழி கல்வெட்டுகள், லகர் வல்லூறு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193 ஹெக்டேர் அறிவிக்கப்பட்டது. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் ‘நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி’ இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்கு ஏலத்தில் போனது.

டங்ஸ்டன், ஒன்றிய அரசு 2023இல் வெளியிட்ட முப்பது முக்கியக் கனிமங்களின் பட்டியலில் உள்ளது. அந்தப் பட்டியலுக்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் தூய ஆற்றலுக்கு மாறுவதும் ஒன்று. டங்ஸ்டனைப் பசுமை உலோகம் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. துளைக்கருவிகளுக்கும் ராணுவத் தளவாடங்களுக்கும் போவது நிறைய. ஆனால் ‘உலகைக் காப்பாற்ற வேண்டாமா?’ என்ற குரல் அதற்கும் சேர்த்தே பேசுகிறது. பெரியாற்றுக் கால்வாயின் கடைமடையில், தண்ணீர் வந்தால் ஒரு போகம் என்று இருக்கிற ஊர்கள் அவை. அங்கே குன்று போனால் குன்றிலிருந்து கண்மாய்க்கு வருகிற ஓடை போகும். ஓடை போனால் கிணறு. கிணறு வற்றினால் குடத்தை எடுத்துக்கொண்டு யார் நடப்பார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை. கிராமசபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9இல் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. அந்த நாட்களில் வந்த எழுத்துகளில் பெண்கள் எல்லாப் படங்களிலும் இருந்தார்கள். ‘தாய்மண் காத்த தாய்மார்கள்’ என்ற வகையில். களையெடுக்கிறவர், ஆடு மேய்க்கிறவர், கண்மாய்த் தண்ணீரில் பங்குள்ளவர் என்று எழுத ஏன் கை வரவில்லை?

இந்தச் சொல் வேறுபாடு சும்மா இல்லை. வந்தனா சிவா 1988இல் எழுதிய ‘ஸ்டேயிங் அலைவ்’ நூல் பெண்ணையும் இயற்கையையும் ஒரே உயிர்விசையாகக் கண்டது. அதிலிருந்து நாம் நிறையப் பெற்றோம். 1992இல் பீனா அகர்வால் அதை மறுத்து எழுதிய கட்டுரையை என் மாணவிகள் அவசியம் படிக்க வேண்டும். பெண்ணுக்கு இயற்கையோடு உள்ள உறவு பிறப்பால் வருவதல்ல. என்ன வேலை செய்கிறாள், எந்தச் சொத்து அவள் பெயரில் இருக்கிறது, எந்தச் சாதியில், எந்த வர்க்கத்தில் இருக்கிறாள் என்பதைப் பொறுத்தது என்பது அவர் வாதத்தின் சாரம். உசிலம்பட்டிப் பக்கம் வரப்பில் நிற்கிற எந்தப் பெண்ணிடமும் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பெண்கள் பெயரில் இயங்கும் நில உடைமைகள் 14 சதவீதத்தை எட்டவில்லை. வறட்சி நிவாரணமும் பயிர்க் காப்பீடும் நிலத்தின் காகிதத்தைத் தேடி வருகின்றன. நடவுக்கூலி நின்றுபோனவளைத் தேடி வருவதில்லை. பூமியைத் தாய் என்று பாடிவிட்டு அவள் பெயரில் பட்டா எழுத மறுக்கிற ஊரில், முதலில் எழுத வேண்டியது பட்டாதான். கவிதை காத்திருக்கும்.

தீர்வுகளைப் பற்றிக் கேட்பீர்கள். 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்றில் கரை ஒதுங்கின. மதுரைக்காரர்கள் இன்றுவரை சிரிக்கிறோம். வளிமண்டலத்தின் மேலடுக்கில் துகள்களைத் தூவிச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பலாம் என்று பெரிய பல்கலைக்கழகங்களில் பேசும்போது யாரும் சிரிப்பதில்லை. நிலக்கரியை நிறுத்தாமல் நிழலைக் கூட்டுகிற யோசனை என்ற அளவில் இரண்டும் உறவுக்காரர்கள். செய்ய வேண்டியது என்ன என்பதில் அறிவியலுக்குக் குழப்பம் இல்லை: எரிபொருளை நிலத்துக்குள்ளேயே விடுவது, சூரியனுக்கும் காற்றுக்கும் மாறுவது, கண்மாயையும் வரத்து வாய்க்காலையும் மீட்பது, அதிகம் எரித்த நாடுகள் இழப்புக்குப் பணம் கட்டுவது. 2022இல் எகிப்து மாநாட்டில் இழப்பு நிதிக்கு ஒப்புக்கொள்ளவே முப்பது ஆண்டு ஆனது. சூரிய மின்சாரத்தை நான் எதிர்க்கவில்லை. கமுதியில் 2016இல் வந்த 648 மெகாவாட் நிலையம் போன்றவை இன்னும் வேண்டும். அந்த நிலத்தில் முன்பு ஆடு மேய்த்தவளும் சீமைக்கருவேலம் வெட்டியவளும் கணக்கில் வர வேண்டும் என்கிறேன்.

கணக்கில் வருவது என்பதற்கு ஒரு சின்ன உதாரணம். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய். நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் வெப்ப அலை என்பதை வானிலை நிலையத்தின் அளவை வைத்து முடிவு செய்கிறார்கள். அந்த அளவு நிழலில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் எடுக்கப்படுவது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஒரு சன்னலும் இல்லாமல், சோறு கொதிக்கிற அடுப்பின் முன்னால் பகல் பதினொரு மணிக்கு எவ்வளவு என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வருகிற மே மாதம் எங்கள் இரண்டாமாண்டு மாணவிகள் சிலர் தங்கள் வீட்டு அடுப்படியில் ஆளுக்கொரு வெப்பமானியை மாட்டி, தினமும் மூன்று வேளை எழுதி வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோட்டின் நான்காவது கட்டத்தில் அந்த நேரத்தில் அங்கே நிற்பது யார் என்றும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.