பெயரில்லாச் சுவரும் பெயர்பெற்ற கையும்

இராமநாதபுரம் அரண்மனையில் இராமலிங்க விலாசத்தினுள் நுழைந்தோர் அறிவர்: அங்கே வெறுஞ்சுவரைக் காண்பது அரிது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேதுபதி மன்னர் தீட்டச் செய்த ஓவியங்கள் சுவரிலும் வளைவிலும் நிறைந்து நிற்கின்றன. மன்னர் கொலுவிருக்கிறார். ஐரோப்பியர் அவரைக் காண வந்து நிற்கின்றனர். தஞ்சை மராட்டியர் படையோடு சேதுபதியின் படை பொருதுகிறது. இராமகாதை ஒருபுறம், அந்தப்புரக் காட்சி மற்றொருபுறம். மகளிர் உருவங்கள் பல. ஆனால் இவற்றைத் தீட்டிய கை எவருடையது என்று கேளுங்கள். சுவர் விடை சொல்லாது. தீட்டச் செய்தவன் பெயர் வரலாறாயிற்று. தீட்டியவன் பெயர் சுண்ணத்தோடு சுண்ணமாய்க் கரைந்தது.

அரண்மனையை விட்டு வெளியே வருவோம். விடியற்காலையில் தெருவெங்கும் பெண்கள் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, கோலமிடுகிறார்கள். கணக்குத் தவறுவதில்லை, கோடு பிசகுவதில்லை. பொழுது ஏறியதும் வண்டிச் சக்கரமும் ஆட்டின் குளம்பும் அதை அழித்துவிடுகின்றன. மறுநாள் மீண்டும் தொடங்குகிறார்கள். இதனைக் கலையென்று நாம் எண்ணியதுண்டா? பெண் பார்க்க வந்தவரிடம் "கைவேலை தெரிந்த பெண்" என்று சொன்னதோடு சரி. மன்னன் சுவரில் இருந்தால் ஓவியம். மங்கை வாசலில் இட்டால் கடமை! இப்படி வகுத்து வைத்தது யார்?

அந்தச் சுவரையும் இந்த வாசலையும் நினைவிற்கொண்டே, துர்காபாய் வியாம் என்னும் கோண்டுப் பழங்குடிப் பெண் ஓவியரைப் பற்றி எழுதப் புகுகிறோம்.

மத்தியப் பிரதேசத்தின் மண்டலா வட்டாரத்தில், பர்பஸ்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். பள்ளிக்கூடம் அவருக்குக் கிட்டவில்லை, பாட்டி கிட்டினார். ஆறு வயதில் பாட்டியிடம் பயின்றது 'டிக்னா'. மெழுகிய தரையிலும் சுவரிலும், திருமணத்தின்போதும் விழாவின்போதும், பெண்கள் இடும் வரைவு அது. நம் கோலத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். பதினைந்தாம் வயதில் சுபாஷ் வியாமுக்கு மனைவியானார். சுபாஷின் உடன்பிறந்தவரை மணந்தவர் ஜங்கர் சிங் சியாம். போபால் பாரத் பவனில் ஓவியர் சுவாமிநாதனின் ஊக்கத்தால் வளர்ந்து, கோண்டு ஓவியத்தைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தவர்; 1989இல் பாரிசு நகரத்துப் பெருங்கண்காட்சி வரை சென்றவர். அத்தகையவர் 2001இல் ஜப்பானில், ஓர் அருங்காட்சியகத்துக்காக ஓவியம் தீட்டிக்கொண்டிருந்த இடத்தில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பழங்குடிக் கலையைப் பாராட்டும் உலகம், அதைப் படைப்பவனின் தனிமையை எவ்வளவு அறிந்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மகனின் மருத்துவத்துக்காகப் போபால் வந்த துர்காபாயின் குடும்பத்துக்கு, தூரிகை எடுக்க ஊக்கம் தந்தவர் அந்த ஜங்கரே. ஒவ்வொரு கோண்டு ஓவியரும் உருவங்களின் உள்ளே நிரப்பும் கோடும் புள்ளியும் அவரவர்க்கே உரியவை, அதுவே கையெழுத்து. தரையில் அழிந்துகொண்டிருந்த கோடு தாளில் தங்கியபோது, துர்காபாய்க்கும் ஒரு கையெழுத்து உண்டாயிற்று.

அந்தக் கையெழுத்தை உலகறியச் செய்ததில் நம் சென்னைக்கும் பங்குண்டு. சென்னைத் தாரா பதிப்பகம் 2006இல் வெளியிட்ட மரங்களைப் பற்றிய நூலில், பஜ்ஜு சியாம், ராம்சிங் உர்வேதி ஆகியோரோடு துர்காபாயும் வரைந்தார். கருந்தாளில் ஒவ்வொரு படியும் கையாலேயே அச்சிடப்பட்ட அந்நூல் 2008இல் இத்தாலியின் பொலோனா விருதினைப் பெற்றது. அதே பதிப்பகத்துக்காக, வங்கத்துப் பேகம் ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' என்னும் கதைக்கும் அவர் ஓவியம் தீட்டினார். ஆடவர் வீட்டுக்குள் அடைபட, பெண்கள் அறிவியலின் துணைகொண்டு நாடாளும் கற்பனை அது. 1905இல் சென்னையிலிருந்து வந்த மகளிர் இதழொன்றில் முதன்முதல் வெளியானது. பர்தாவுக்குள் இருந்த ஒரு பெண் கண்ட கனவுக்கு, பள்ளி காணாத மற்றொரு பெண் உருக்கொடுத்தாள். 2022இல் வந்த பத்மஸ்ரீயைக் காட்டிலும் இதனையே நாம் பெரிதென மதிக்கிறோம்.

ஆயினும் அவருடைய ஆற்றல் முழுவதும் வெளிப்பட்ட இடம், கணவரோடு இணைந்து வரைந்து, நவயானா பதிப்பகம் 2011இல் வெளியிட்ட 'பீமாயணம்'. டாக்டர் அம்பேத்கரின் வாழ்வைச் சித்திரமாய்ச் சொல்லும் நூல்; சொற்களை எழுதியவர்கள் ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும். சித்திரக்கதை என்றால் வரிசை வரிசையாய்க் கட்டங்கள் என்பது உலக வழக்கம். மனிதரைப் பெட்டிக்குள் அடைக்க மாட்டோம் என்று இவ்விருவரும் மறுத்தனர். டிக்னாவின் வளைகோடுகளே பக்கங்களைப் பிரிக்கின்றன. மனிதனைப் பிறப்பால் கட்டங்கட்டி வைத்த சாதியை எதிர்க்கும் கதைக்கு, கட்டமில்லா ஏடு எவ்வளவு பொருத்தம்!

பேச்சைக் காட்டும் முறையைப் பாருங்கள். அன்புடையார் சொல் பறவை வடிவில் எழுகிறது. நஞ்சு கக்குவோர் சொல் தேள்கொடுக்கோடு வருகிறது. எழுத்தறியாத தாயும் படத்தைக் கண்டே யார் பக்கம் அறம் இருக்கிறதென்று உணர்வாள். 1901இல் தந்தையைக் காணப் புறப்பட்ட சிறுவன் பீமனுக்கு வழியெல்லாம் தண்ணீர் மறுக்கப்படுகிறது. தாகத்தால் தவிக்கும் அவன் உடல் மீனாகிறது. 1927இல் மகாத் குளத்துப் போராட்டத்தில் அம்பேத்கர் முழங்க, ஒலிபெருக்கிகள் நீர் சொரிகின்றன, கூட்டம் நனைகிறது. பத்துப் பக்கக் கட்டுரை சொல்வதை ஒரு கோடு சொல்லிவிடுகிறது.

குறையும் கூறவேண்டும். இடையிடையே இக்காலத்தார் இருவர் இட ஒதுக்கீடு பற்றி உரையாடுகிறார்கள். அங்கே நூல் கதையை விட்டு மேடையேறிவிடுகிறது. மீனான சிறுவன் நெஞ்சை அறுத்த பிறகு, விளக்கவுரை எதற்கு? நம் நாடகங்களுக்கும் ஏடுகளுக்கும் உள்ள நோய்தான் இது. ஆகவே உரிமையோடு சுட்டுகிறோம்.

பீமாயணம் என்னும் பெயரை இராமாயணத்தின் எல்லையாகிய இந்தக் கடற்கரையில் நின்று சொல்லும்போது அதற்குத் தனிப்பொருள் பிறக்கிறது. இராமேசுவரத்தில் 22 தீர்த்தங்கள். வாளி வாளியாய் மொண்டு தலையில் ஊற்றினால் பாவம் தொலையுமென்று நம்பி நாடெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். நீருக்குத் தூய்மை கற்பித்த அதே மரபுதான், சிறுவனொருவன் தொட்டால் நீர் தீட்டாகும் என்றும் கற்பித்தது. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததை எதிர்த்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு அவ்வுரிமை இல்லையென்று தீர்ப்பானதும் இந்த மண்ணின் கதையே. பீமாயணத்தை இவ்வூரார் படிக்கும்போது, அது மராட்டியக் கதையாக மட்டும் இருக்க முடியாது.

பகுத்தறிவு பேசும் இளைஞர் ஒருவர் நம்மைக் கேட்கலாம்: "அவர் தம் குலத்தின் தெய்வங்களையும் வரைகிறாரே?" வரைகிறார். தெய்வத்தை ஏற்காமலே அந்தக் கோட்டின் உயிரைக் காண நம்மால் முடியும். நாம் ஏற்க மறுப்பது வேறொன்று: "கள்ளங்கபடமற்ற காட்டு மக்களின் கைவண்ணம்" என்று நகரத்தார் தரும் நற்சான்று. கபடமற்ற கை என்பது, சிந்தனையற்ற கை என்பதற்கு இட்ட மறுபெயர். பெட்டியை மறுத்தது சிந்தனை. சொல்லுக்குத் தேள்கொடுக்கு வைத்தது சிந்தனை. பாட்டியிடம் பயின்ற கோட்டை அம்பேத்கரின் தாகத்துக்கு ஈந்தது, சிந்தனையினும் மேலான தோழமை.

நாளை விடியலில் உங்கள் தெருவில் ஒரு தங்கை கோலமிடுவாள். மிதித்துக் கடக்காதீர்கள், ஒருகணம் நின்று பாருங்கள். பிறகு அவள் கையில் தாளும் தூரிகையும் கொடுங்கள். அவள் வரைந்து முடித்ததும், கீழே அவள் பெயரை எழுதச் சொல்லுங்கள்.