ஒட்டடைக்குச்சி: ஒரு வழக்குச்சொல்லின் உவமை நிலைக்களம்

உயரமும் ஒல்லியும் ஒருங்கே அமைந்தவரைக் கேலியாகச் சுட்டத் தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘ஒட்டடைக்குச்சி’ என்னும் சொல் பயின்று வருகிறது. இதனைக் கொச்சை என ஒதுக்குவதோ, ‘மிக ஒல்லியானவர்’ எனப் பொருளுரைத்து அமைவதோ சொல்லின் இயல்பை விளக்கப் போதாது. ‘நெட்டை’ உயரத்தை மட்டும் குறிக்கும். ‘ஒல்லி’ பருமனின்மையை மட்டும் குறிக்கும். கூரை மூலையின் நூலாம்படையை எட்டித் தட்டும் நீண்ட குச்சியோ இரண்டையும் ஒருசேரக் காட்டுகிறது.

தொல்காப்பிய உவமையியல் வினை, பயன், மெய், உரு என உவமைக்கு நான்கு அடிப்படைகளைக் கூறும். இச்சொல்லுக்கு மெய்யுவமமே அடிப்படை. ‘நீ இருக்க ஒட்டடைக்குச்சி எதற்கு?’ என உயரமானவரைச் சீண்டும்போது பயனுவமமும் உடன் சேர்கிறது. ‘நெட்டைக்கொக்கு’ என்பதில் இதற்கு இடமில்லை.

உவமை உயர்ந்த பொருளின்மேல் அமைய வேண்டும் என்பது தொல்காப்பியர் கொள்கை. ‘பாவை வந்தாள்’, ‘காளை வந்தான்’ ஆகிய உவமையாகுபெயர்கள் அந்நெறியில் நிற்பன. ‘ஒட்டடைக்குச்சி வந்துவிட்டான்’ என்பதும் இலக்கண அமைப்பில் அவற்றை ஒத்ததே. ஆயினும் இங்கு உவமை, அழுக்கு நீக்கும் வீட்டுக் கருவியின்மேல் இறங்குகிறது. சிறப்பு, நலன், காதல், வலி என்னும் நிலைக்களன்களோடு தொல்காப்பியர் ஐந்தாவதாகச் சேர்க்கும் ‘கிழக்கிடு பொருள்’ இதற்குப் பொருந்துகிறது. எனவே இக்கேலி மரபுக்குப் புறம்பானதன்று. மரபிலக்கணம் இடம் வகுத்துள்ள ஒன்றே.

எனினும் அந்நிலைக்களம் சொல்லுக்குள்ளேயே உறைந்திருப்பதில்லை. விடுதியிலிருந்து வீடு திரும்பிய மகனிடம் ‘ஒட்டடைக்குச்சி மாதிரி இளைச்சுப் போயிட்டியே’ என்று தாய் கூறுவதில் இழிவு இல்லை. அது காதல் என்னும் நிலைக்களத்தை நெருங்கி நிற்கிறது. அங்கு ‘மாதிரி’ என்னும் உவம உருபு ஆளையும் பொருளையும் வேறுபடுத்திக் காட்டுகிறது. உருபு நீங்கி வகுப்பறையில் அதுவே விளிப்பெயராகும்போது, அழைக்கப்படுபவரின் இயற்பெயர் மறைகிறது. நெருங்கிய நண்பரிடையே அவ்விளியும் உரிமைக் கேலியாக ஏற்கப்படலாம். பெண் பார்க்கும் சூழலிலோ இதே சொல் ஒருத்தியை மறுப்பதற்கான தீர்ப்பாகிவிடுகிறது. ஆகவே உருபின் வருகையைக் காட்டிலும் கூறுவோர், கேட்போர் உறவே பொருளை உறுதிசெய்கிறது.

இத்தகைய சொற்களை அகராதியில் பதிவோர், பொருளோடு உறவுச் சூழலையும் குறித்தல் வேண்டும். அக்குறிப்பு இன்றேல் தாயின் கவலையும் பிறரின் ஏளனமும் ஒரே பொருளுரைக்குள் அடங்கிவிடும்.