காயம்பட்ட வீரனை யார் வீட்டுக்குக் கூட்டிப்போவது?

உதைபந்தாட்டப் படம் என்று கேள்விப்பட்டு 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'வைப் பார்க்க உட்காருகிறவர் கொஞ்ச நேரத்தில் திகைத்துப் போவார். மைதானம் சீக்கிரமே பின்னுக்குப் போய்விடுகிறது. கடைசி நிமிடக் கோல் இல்லை, தூக்கிப் பிடிக்கக் கிண்ணமும் இல்லை. கதாநாயகன் மஜீத் பந்தை உதைப்பவனல்லன், அணியின் மெனேஜர். அப்படியிருந்தும், கிராமத்து உதைபந்தாட்டம் எதனால் உயிரோடு இருக்கிறது என்பதை இவ்வளவு சரியாகக் காட்டிய வேறு படத்தை நான் பார்த்ததில்லை.

2018 மார்ச்சில் வெளியான மலையாளப் படம் இது. ஸக்கரியா முஹம்மதுவுக்கு முதல் படம். கதை நடப்பது கேரளத்தின் மலப்புறத்தில். அணிக்கு ஏழு பேர் ஆடும் 'செவன்ஸ்' அங்கே ஒரு தனி உலகம். வேளாண்மை வெட்டி முடிந்த வயலில் மூங்கிலாலும் கமுகாலும் தற்காலிகக் கலரி கட்டி, இரவு விளக்கு போட்டு, டிக்கெட் விற்று நடத்துகிறார்கள். அகில இந்திய உதைபந்தாட்ட சம்மேளனத்தின் அங்கீகாரம் அதற்கில்லை. அதைப் பற்றிக் கவலைப்படாமல் ஊர் திரண்டு வருகிறது. ஆபிரிக்காவிலிருந்து வரும் வீரர்களுக்கு ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஊர்மக்கள் அவர்கள் எல்லோரையும் 'சுடானி' என்றே கூப்பிடுகிறார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள நம் மாவடிப்பள்ளிக்காரருக்கு இதில் எதையும் விளக்கத் தேவையில்லை. காரைதீவிலிருந்து சம்மாந்துறைக்குப் போகும் வீதியின் இரு பக்கமும் வயல்தான். பெரும்போகம் முடிந்து நிலம் இறுகியதும் அணிக்கு ஏழு பேர் கொண்ட சுற்றுப்போட்டி என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். பகலில் சீமெந்து குழைத்தவன், ஆட்டோ ஓட்டியவன், அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவன் அஸருக்குப் பிறகு பூட்ஸ் கட்டுகிறான். கொழும்பில் உதைபந்தாட்ட நிர்வாகம் குழம்பி, 2023 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை இலங்கையை ஃபிஃபா இடைநிறுத்தி வைத்திருந்தது. அந்த மாதங்களிலும் பொடியன்கள் அஸருக்குப் பின் வயலுக்கு இறங்காமல் விடவில்லை.

மஜீதின் அணி எம்.வை.சி. அக்கோடு. அதன் பலமே சாமுவேல் என்ற நைஜீரிய வீரன். சிறிய மைதானத்தில் ஏழு பேர் ஆடும்போது பந்துக்கு ஓய்வே கிடையாது. உடல் வலுவும் தயங்காமல் அடிக்கும் அடியும் உள்ள ஒருவன் இருந்தால் முழு அணியின் கணக்கும் மாறிவிடும். அவனுக்குக் காயம் பட்டதும் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஆட்டமில்லையென்றால் சம்பளமில்லை. காப்புறுதி கிடையாது. வைத்தியசாலைச் செலவைத் தாங்க மஜீதின் கையில் காசும் இல்லை. வேறு வழியின்றி அவனைத் தன் வீட்டுக் கட்டிலில் கொண்டுவந்து கிடத்துகிறான். படத்தின் உண்மையான ஆட்டம் அங்கேதான் தொடங்குகிறது.

கட்டிலில் கிடப்பவனைப் பார்ப்பது மஜீதின் உம்மா ஜமீலாவும் அயல்வீட்டு பீயும்மாவும். இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அவனுக்கு மலையாளம் வராது. இந்தப் பெண்களாக நடித்த சாவித்திரி ஸ்ரீதரனும் சரசா பாலுசேரியும் கோழிக்கோட்டு நாடக மேடையில் பழுத்தவர்கள். மேடைப் பழக்கத்தை அப்படியே கொண்டுவந்திருந்தால் கெமரா முன் மிகையாகியிருக்கும். அவர்கள் அதைக் கரைத்துவிட்டார்கள். ஜமீலா எதையும் அறிவித்துச் செய்வதில்லை. நோயாளியைக் கவனித்துக்கொண்டே மகனின் முகத்தையும் ஒரு கண்ணால் பார்க்கிறாள். அந்த ஒரு கண்ணில்தான் அவளுடைய முழுக் கவலையும் தெரிகிறது. சிரிப்பு வருவது பீயும்மாவின் பேச்சில். ஆனால் சாமுவேலின் கறுப்பை வைத்தோ அவனுடைய பாஷையை வைத்தோ அந்தச் சிரிப்பை எழுப்பவில்லை. இதற்கே எழுதியவர்களைப் பாராட்டலாம். கேரள அரசின் குணச்சித்திர நடிகை விருதை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மஜீதாக நடித்த சௌபின் ஷாஹிருக்குச் சிறந்த நடிகர் விருது, ஜயசூரியாவுடன் பகிர்ந்து. தேசிய விருதில் சாவித்திரிக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது.

சௌபின் செய்திருப்பது கடினமான வேலை. மஜீத் அணிக்காக ஊரெல்லாம் கடன் படுவான், பெண் பார்க்கப் போன இடங்களிலெல்லாம் வேண்டாமென்று கேட்டுத் திரும்புவான். அந்நியன் ஒருவனை வீட்டுக்குள் கொண்டுவந்தவன், உம்மாவின் இரண்டாவது கணவரை மட்டும் ஏற்கமாட்டான். கே.டி.ஸி. அப்துல்லா அந்தக் கணவராக வருகிறார். வாசலில் தயங்குவதிலும், மஜீத் வந்ததும் எழுந்து போவதிலும் அந்த மனிதரின் முழு வாழ்க்கையும் விளங்கிவிடுகிறது. படம் வெளியான அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.

இந்த இடம் நம் கரையோரத்து மனிதரை இன்னும் கூடுதலாகத் தொடும் என்று நினைக்கிறேன். இங்கே கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குப் போகிறார். வீடு பெண்ணுக்குரியது. அடுத்தவர் வீட்டில் பாயை எங்கே விரிப்பது என்று யோசித்த ஆண்கள் நம்மில் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். அதனால் அந்த முதியவரின் கூச்சம் நமக்கு அந்நியமில்லை. போரில் பெற்றோரை இழந்த சாமுவேலை ஒரு வீட்டுக்குள்ளும், வாப்பாவாக வர ஆசைப்படும் ஒருவரை அதே வீட்டின் வாசலிலும் நிறுத்தியது திரைக்கதையின் மிகக் கூர்மையான முடிவு.

விஜய் நடித்த உதைபந்தாட்டப் படமான 'பிகில்' (2019) இந்தப் படத்துக்கு நேரெதிர். வடசென்னையையும் உழைக்கும் மக்களையும் தொட்டாலும் அதன் கண் கிண்ணத்தின் மீதே. கென் லோச்சின் 'லுக்கிங் ஃபோர் எரிக்' (2009) தான் மஜீதுக்கு நெருங்கிய உறவு. மான்செஸ்டரில் மனமுடைந்த தபால்காரர் ஒருவரின் அறைக்குள் உதைபந்தாட்ட வீரர் எரிக் கன்டோனா, கன்டோனாவாகவே வந்து நிற்கிறார். தன் மிக இனிய தருணம் எதுவென்று கேட்டால் அவர் தன் கோல்களில் எதையும் சொல்வதில்லை. டொட்டன்ஹாமுக்கு எதிராக டெனிஸ் இர்வினுக்குக் கொடுத்த ஒரு பாஸைச் சொல்கிறார். இரு படங்களும் பந்தை வாங்குகிறவன் மீது வைக்கும் நம்பிக்கையைப் பற்றியவை.

குறை இல்லாமலில்லை. காணாமல் போன கடவுச்சீட்டுச் சிக்கல் கடைசியில் கொஞ்சம் இலகுவாகவே அவிழ்கிறது. படத்துக்கு வெளியேயும் கதை உண்டு. சாமுவேலாக நடித்த சாமுவேல் அபியோலா றொபின்சன் தனக்குக் குறைந்த சம்பளமே தரப்பட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். பிறகு அது பேசித் தீர்க்கப்பட்டது. 2024 மார்ச்சில் மலப்புறத்தின் அரீக்கோடு பக்கம் நடந்த ஒரு செவன்ஸ் ஆட்டத்தில் ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவரைக் கூட்டம் விரட்டி அடித்தது. நிறத்தைச் சொல்லி ஏசினார்கள் என்று அவர் பொலிஸில் முறையிட்டார். ஜமீலாவின் வீடு இருக்கும் அதே மாவட்டம். இதனால் படம் பொய்யாகிவிடாது. ஆனால் அந்த வீட்டின் அன்பை மலப்புறத்து மைதானம் முழுவதற்கும் பொதுவானதாக நினைத்துவிடக் கூடாது.

நம் மைதானங்களிலும் அந்த அன்பைத் தேடினால் கிடைக்காது. சுற்றுப்போட்டி என்றால் பிரதம அதிதிக்கு மாலை உண்டு, ஒலிபெருக்கி உண்டு, அனுசரணையாளர் பெயர் பொறித்த சீருடை உண்டு, ஆளுயரக் கிண்ணம் உண்டு. முழங்கால் திரும்பி மூன்று மாதம் வேலைக்குப் போகமுடியாமல் கிடக்கும் மேசன் பொடியனுக்கு அந்தக் கணக்கில் ஒரு வரி இருக்காது. அவனைத் தாங்குவது அவனுடைய உம்மாவும், அவள் கடன் வாங்கும் பக்கத்து வீடும். மஜீதுக்கு ஒரு ஜமீலா இருந்தாள் என்பதற்காக, எல்லாச் சுமையையும் ஜமீலாக்களின் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. அனுமதிக் கட்டணத்திலும் அனுசரணைப் பணத்திலும் ஒரு பங்கை, கிண்ணம் வாங்க முன்னரே, காயப்படுகிறவரின் மருந்துக்கும் இழந்த நாட்கூலிக்கும் என்று ஒதுக்கி வையுங்கள். அந்தப் பணம் யார் கையில் இருக்கிறது, எப்படிக் கேட்டு வாங்குவது என்பதை முதல் ஆட்டம் தொடங்க முன்பே எல்லா அணிகளுக்கும் எழுத்தில் கொடுங்கள். அடுத்த பெரும்போக வெட்டு முடிய முன் நம் கழகங்கள் கூடிப் பேசினால் இதைச் செய்துவிடலாம்.