சொல்லிவிட்டுப் போதல்

வேலைக்குப் புறப்படும் தாய், குழந்தை அழுமே என்று அஞ்சி, கொல்லையில் காக்கை காட்டும்படி பாட்டியிடம் அதை ஒப்படைத்துவிட்டு, வாசல் வழியே ஓசையின்றி நழுவிப் போவது நம் வீடுகளில் நெடுநாளாய் வழங்கிவரும் உபாயம். அழுதாலும் முகத்துக்கு நேரே ‘போய்ட்டு வரேன்’ என்று சொல்லி, சொன்னபடி திரும்பி வர வேண்டும் என்பது பிற்கால மனோதத்துவத்தின் கட்சி. என் மனம் இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. ஆயினும் அதுவும் பரீட்சைக்கு உட்பட்டதே.

நழுவுவதில் அந்த வேளைக்கு அழுகை இல்லை என்பது உண்மை. ஆனால் காக்கை பார்த்துத் திரும்பிய குழந்தை காலி அறையைக் கண்டு, அம்மா எக்கணமும் மாயமாகிவிடக் கூடியவள் என்று கற்றுக்கொண்டு, மறுநாள் முதல் முந்தானையை விடாமல் பற்றிக்கொள்ளும்போது, அதைப் பிடிவாதம் என்று ஏசுகிறவர்களும் நாமே. தாய் கண்மறைவதை மிதமிஞ்சிய கலக்கமின்றி அனுமதிப்பதே சிசுவின் முதல் சமூக சாதனை என்று 1950-இல் மனோதத்துவ அறிஞர் எரிக் எரிக்ஸன் எழுதினார்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் 2013-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நல்ல வர்ணப் பொருள்கள் கொண்டுவருவதாகச் சொல்லி, சில குழந்தைகளிடம் சொல் காத்து, சிலரிடம் வெறுங்கையோடு திரும்பினார்கள். பின்னர், ஒரு மிட்டாயைத் தின்னாமல் காத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றபோது, முன்னவர் சராசரியாகப் பன்னிரண்டு நிமிஷமும், பின்னவர் மூன்றே நிமிஷமும் பொறுத்தார்கள். ஏமாந்த குழந்தை அவசரப்பட்டது குணக்கேடன்று, கணக்கு. எனினும் 28 குழந்தைகள், அதுவும் அந்நியர் ஒருவரோடு கழித்த சொற்ப நேரம். இதிலிருந்து ஆயுள்காலச் சித்தாந்தம் கட்டுவோரின் உற்சாகத்தில் எனக்குப் பங்கில்லை.

சொல்லிவிட்டுப் போகும் கொள்கையின் பெருங்குறை, அது கடிகாரத்தை நம்புவது. இரண்டு வயதுக்கு ‘ஆறு மணி’ என்பது வெறும் ஓசை. ‘தூங்கி எழுந்து பால் குடிச்சதும்’ என்றால்தான் குழந்தையால் சரிபார்க்க முடியும். பஸ் தாமதித்த தாயைக் குற்றவாளியாக்குவதும், ‘நாளைக்கு பொம்மை’ என்று தாராளமாக வாக்களிக்கும் தகப்பனை (என்னையும் சேர்த்துத்தான்) விட்டுவிடுவதும் அதன் ஓரவஞ்சனை.

அன்றியும், அது ஒருத்தியின் சொல்லை மட்டுமே எடைபோடுகிறது. நம் வீட்டிலோ, தாய் ‘பால் குடிச்சதும் வருவேன்’ என்று ஒழுங்காகச் சொல்லிப் போயிருந்தாலும், அழுகையை அடக்கப் பாட்டி ‘இதோ வந்துட்டா’ என்று பத்துத் தடவை சொல்கிறாள். குழந்தையும் பத்துத் தடவை வாசலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருகிறது.