அலிகேட்ஸ் பாடல்கள்: பெயரும் பொருளும்

ஒரு நாட்டின் கலைவரலாற்றை எழுதப் புகுவோர் ஏட்டில் ஏறிய இலக்கியத்தோடு நின்றுவிடுவது வழக்கம். மக்கள் நாவில் வாழும் மெல்லிசைப் பாடல்களை அவர்கள் பெரும்பாலும் தீண்டுவதில்லை. அவ்வாறு விடுபட்டவற்றுள் ஒன்று, பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவின் மலாய்ப் பாடல் தொகுதி. தமிழாசிரியர்களும் மாணவர்களும் அதனை ஏன் நோக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்னும் தமிழ் உடன்பிறப்புகளின் குரல்களே இக்குழுவின் உயிர்நாடி. இளையவரை நாடு 'லோகா' என்றே அறிந்தது. 1960களின் இறுதியில் ஜார்ஜ் டவுனில் உருவான குழு, 1970களில் ஹாங்காங் சென்று பாடியது. பின்னர்த் தாயகம் திரும்பி, மலாய்ப் பாடல்களால் பெரும்புகழ் எய்தியது. 1929இல் பி. ரம்லியைப் பெற்றெடுத்த தீவு பினாங்கு. மலாயும் தமிழும் ஹொக்கியனும் ஆங்கிலமும் ஒரே தெருவில் ஒலிக்கும் அவ்வூரில் இத்தகைய குழு பிறந்ததில் வியப்பில்லை.

நம்மவரிடையே இக்குழுவைப் பற்றி இரு கருத்துகள் உண்டு. 'தமிழ்ப் பிள்ளைகள் நாடறியப் பாடினார்கள்' என்று பெருமிதம் கொள்வோர் ஒரு சாரார். 'பிறமொழிக்கன்றோ அக்குரல்களை ஈந்தார்கள்' என்று பெருமூச்சு விடுவோர் மற்றொரு சாரார். இரு சாராரும் பாடகரின் பெயரைப் பார்க்கின்றனரேயன்றிப் பாடலைக் கேட்கின்றனர் அல்லர். டேவிட்டின் அடர்ந்த சுருள்முடியை நினைவுகூரும் அளவுக்குப் பாடலின் சொல்லை நினைவுகூர்வோர் நம்மிடையே சிலரே. தமிழர் என்பதற்காகப் பாராட்டுவதும் திறனாய்வு ஆகாது. தமிழில் பாடவில்லை என்பதற்காகத் தள்ளுவதும் திறனாய்வு ஆகாது. பாடலை அதன் மொழிக்குள் நின்று கேட்டு, நம் மொழியோடு ஒப்பிட்டு நோக்குவதே முறை. தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும், வளம் புலப்படும்.

முதற்கண் எல்லாரும் அறிந்த 'செகுந்தும் மாவார் மேரா செபுவா புவிசி' என்னும் பாடலைக் காண்போம். 'ஒரு சிவந்த ரோசா, ஒரு கவிதை' என்பது அதன் பொருள். தமிழில் 'ஒரு' என்னும் ஒரே சொல் மலரையும் கவிதையையும் எண்ணிவிடுகிறது. மலாய்மொழியோ பொருளுக்கேற்ற எண்ணுசொல்லை வேண்டுகிறது. மலரை எண்ணும் 'குந்தும்' என்ற சொல்லுக்கு மொட்டு என்பது பொருள். கவிதையை எண்ணும் 'புவா' என்ற சொல்லுக்குக் கனி என்பது பொருள். மலாய்க்காரர் செவிக்கு இவை அன்றாட எண்ணுசொற்களே. மொழிபெயர்க்கப் புகும் தமிழ் மாணவனுக்கோ, ரோசா மொட்டாகவும் கவிதை கனியாகவும் அடுத்தடுத்து நிற்கும் அழகு கண்ணில் படும். 'மாவார்' அரபு மூலமுடையது. 'புவிசி' டச்சு வழி வந்தது. ஐந்து சொற்களில் ஒரு துறைமுகமே அடங்கியிருக்கிறது எனலாம்.

அடுத்து, 'அண்டாயிஞா ஆக்கு பெர்கி டூலு செபெலும்மு' என்னும் பாடல். 'உனக்கு முன்னே நான் சென்றுவிட்டால்' என்பது தலைப்பு. முந்துதலைக் குறிக்கும் இரு சொற்கள், 'டூலு', 'செபெலும்' என, அடுக்கி வருதல் காண்க. தமிழ் மரபில் கையறுநிலை உண்டு. அது மாண்டவர்க்காக எஞ்சியவர் புலம்புவது. கணவனுக்கு முன் கண்மூட வேண்டும் என்னும் சுமங்கலிப் பெண்ணின் வேண்டுதலும் நம் வழக்கில் உண்டு. இப்பாடல் இரண்டிலும் அடங்காதது. இங்கே பேசுபவர் எஞ்சியவர் அல்லர், செல்லக்கூடியவர். அவர் இறப்பை வேண்டவுமில்லை. நேர்ந்தால் என்று எண்ணிப் பார்க்கிறார். பாடுவதும் ஆண்குரல். நுரையீரல் புற்றுநோயால் 2007இல் லோகா மறைந்தார். அண்ணன் குழுவைத் தொடர்ந்து நடத்தினார். அதன்பின் இத்தலைப்பைக் கேட்போர் அதனைக் காதலர் கூற்றாக மட்டும் கேட்டல் அரிது.

மேடைகளில் அத்துணை ஒலிக்காத பாடல்களிலும் நமக்குரிய செல்வம் உண்டு. 'சம்பாய்க்கான் சாலாம் சிந்தாக்கு' என்பது 'என் காதல் வணக்கத்தைச் சேர்ப்பிப்பாய்' எனப் பொருள்படும். இது தூது! கிளியையும் நெஞ்சையும் தமிழையும் தூதுவிட்ட மரபினர் நாம். எனினும் தமிழ்த் தூது நூல்களில் தூது செல்லும் பொருளின் சிறப்பே விரிந்து பரந்திருக்கும். இத்தலைப்போ தூதுவர் யாரென்றும் சொல்லாது செய்தியை மட்டும் ஒப்படைக்கிறது. இதிலுள்ள 'சிந்தா' என்ற சொல்லும் எண்ணத்தக்கது. வடமொழியில் எண்ணம் என்று பொருள்பட்ட அச்சொல், தமிழுக்கு வந்து 'சிந்தை' ஆயிற்று. மலாய்க்குச் சென்று 'காதல்' ஆயிற்று. நாம் மனத்தில் வைத்ததை அவர்கள் நெஞ்சில் வைத்தார்கள்.

'செதாஹுன் சுடா பெர்லாலு', அதாவது 'ஓராண்டு கடந்துவிட்டது' என்ற பாடல் இலக்கண ஆசிரியர்க்கு நல்ல பாடம். மலாய் வினை காலம் காட்டும் இடைநிலை ஏற்பதில்லை. 'சுடா' என்ற தனிச்சொல்லே முடிந்தமையைக் காட்டுகிறது. தமிழில் அப்பணியை 'விடு' என்னும் துணைவினை செய்கிறது. 'கடந்தது' என்றால் செய்தி. 'கடந்துவிட்டது' என்றால் இழப்பு. 'சுடா'வை எவ்வாறு பெயர்ப்பது என்று மாணவனைக் கேட்டால், தன் மொழியின் நுட்பத்தை அவனே கண்டுகொள்வான்.

'செஞூம்லா கோலாலம்பூர்' என்னும் தலைப்பும் இத்தகையதே. 'செஞூம்' என்பது முறுவல். வாய்விட்டுச் சிரித்தலுக்கு வேறு சொல் உண்டு. 'லா' என்ற ஈறு ஏவலை மென்மையாக்குகிறது. 'சிரி, கோலாலம்பூரே' என்பது பொருந்தாது. 'முறுவலிப்பாயாக' என்பது ஓரளவு பொருந்தும்.

குறைகளையும் கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. ரோசாவும் காதல் வணக்கமும் பலரும் கையாண்டு தேய்ந்த பொருள்கள். அகப்பாடலில் பயின்ற நாம் உரிப்பொருளோடு நிலத்தையும் பொழுதையும் தேடுவோம். இங்கு எடுத்துக்கொண்ட தலைப்புகளில் பிரிவு உண்டு. பிரிவு நிகழ்ந்த நிலம் இல்லை. பெயர் சுட்டப்பெற்ற ஒரே ஊர் தலைநகரம். பினாங்கின் கடலும் மலையும் படகுத்துறையும் இவற்றில் இடம்பெறவில்லை. எனினும் எந்த ஊரையும் சுட்டாமையால்தான் எல்லா ஊராரும் இவற்றைத் தமதாகக் கொண்டனர் என்பதும் எண்ணத்தக்கது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. இப்பாடல்கள் ஒருவர் படைப்பல்ல. 1957இல் சிங்கப்பூரில் பிறந்த எம். நசீர் போன்ற மலாய் இசையமைப்பாளர்கள் மெட்டமைக்க, தமிழ் உடன்பிறப்புகள் பாட, பல இனத்தார் கேட்டனர். கேட்டவர் பாடகரின் இனத்தை எண்ணிக் கேட்கவில்லை. பாடல் தம் நெஞ்சைத் தொட்டதால் கேட்டனர்.

ஆகவே, 'அவர்கள் நம்மவரா?' என்ற வினாவைச் சற்று ஒதுக்கி வைப்போம். 'அவர்கள் பாடியதை நாம் கேட்டோமா?' என்பதே இன்று வேண்டப்படும் வினா. தமிழ் வகுப்பில் ஒரு பாடவேளை, இத்தலைப்புகளுள் ஐந்தைக் கரும்பலகையில் எழுதி மாணவரைத் தமிழாக்கச் சொல்லலாம். 'குந்தும்' என்ற சொல்லுக்கு முன்னும் 'சுடா' என்ற சொல்லுக்கு முன்னும் அவர்கள் தயங்கி நிற்கும் இடத்தில் தமிழ்ப்பாடம் தொடங்கும். பிறமொழிப் பாடலை ஊன்றிக் கேட்பவன் தன் மொழியை இழப்பதில்லை. அதனை இன்னும் கூர்மையாகக் கேட்கப் பழகுகிறான்.