உலோக உடலில் மானிடம்: சி. எல். மூரின் கதையும் ஹான்ஸ் மொராவெக்கின் கனவும்

மனிதர் தம் உடலை விட்டு இயந்திரத்துட் புகுந்து, செயற்கை நுண்ணறிவாகத் தொடர்ந்து வாழ இயலுமா என்னும் வினா இன்று ஆய்வுக்கூடங்களில் மட்டுமன்றி நம் சபைகளின் இளைஞர் கூட்டங்களிலும் எழுப்பப்படுகின்றது. அதனோடு பிணைந்து மற்றொரு வினாவும் வருகிறது. அவ்வாறு மாறுகிறவர் தம் மானிடத்தை இழவாது காத்துக்கொள்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற இரு படைப்புகளை இக்கட்டுரை ஒப்பிட்டு ஆராய்கிறது. ஒன்று, அமெரிக்க எழுத்தாளரான சி. எல். மூர் அம்மையார் 1944 டிசம்பரில் 'அஸ்டௌண்டிங் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் வெளியிட்ட 'நோ உமன் பார்ன்' என்னும் நெடுங்கதை. மற்றது, இயந்திர மனிதவியல் அறிஞர் ஹான்ஸ் மொராவெக் 1988இல் வெளியிட்ட 'மைண்ட் சில்ட்ரன்' என்னும் நூல். முன்னது கற்பனை, பின்னது அறிவியலாளரின் எதிர்கால ஆய்வு. எனினும், மனிதர் யார் என்னும் பொருளில் நாம் கற்கவேண்டியது கற்பனைக் கதையிலேயே மிகுதியாக உள்ளது என்பது என் துணிபு.

1. மொராவெக்கின் அறுவை மேசை

மொராவெக் தம் நூலில் ஓர் அறுவை மருத்துவத்தைக் கற்பனை செய்கிறார். நோயாளி விழித்திருக்கிறார். இயந்திர மருத்துவர் அவருடைய மூளையின் மேற்பரப்பை ஆராய்ந்து, அங்குள்ள நரம்பணுக்கள் செய்யும் பணியை அப்படியே செய்யும் நிரலைக் கணினியில் எழுதுகிறது. நோயாளி ஒரு பொத்தானை அழுத்தி, அப்பகுதியின் பணியைக் கணினி செய்யும்போது தமக்கு ஏதேனும் வேறுபாடு தோன்றுகிறதா எனச் சோதித்துக்கொள்கிறார். வேறுபாடு இல்லையெனில் அப்படலம் அகற்றப்படுகிறது. பின்னர் அடுத்த படலம். இறுதியில் மண்டையோடு வெறுமையாகிறது, உடல் மரிக்கிறது, நோயாளியோ புதியதோர் இயந்திர உடலில் விழிக்கிறார்.

இதற்கு அடிப்படையான கொள்கையையும் மொராவெக் மறைக்கவில்லை. ஒருவரை அவராக்குவது அவருடைய உடற்பொருள் அன்று. அவருள் நிகழும் செயற்பாடுகளின் ஒழுங்கமைப்பே என்கிறார் அவர். அவ்வமைப்புக் காக்கப்பட்டால் ஆளும் காக்கப்படுகிறார்.

இக்காட்சியில் நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அறுவை அறையில் நோயாளியும் இயந்திரமுமே இருக்கின்றனர். அவருடைய தாய் அங்கில்லை, நண்பர் இல்லை, அவரிடம் கடன் பட்டவரும் இல்லை. தாம் தாமாகவே இருக்கிறோமா என்பதை அவர் தம்முள்ளேயே, ஒரு பொத்தானை அழுத்தி அறிந்துகொள்கிறார். மானிடம் என்பது ஒருவர் தனியே உடைமையாக வைத்திருக்கும் பொருள் என்னும் எண்ணம் இக்காட்சியின் அமைப்பிலேயே புதைந்து கிடக்கிறது. அந்த எண்ணம் எங்கும் வாதித்து நிறுவப்படவில்லை.

2. டியர்ட்ரியின் கதை

மூரின் கதையிலோ முதல் வரியிலிருந்தே பிறர் இருக்கின்றனர். டியர்ட்ரி உலகெங்கும் தொலைக்காட்சி வாயிலாகப் போற்றப்பட்ட ஆடல்பாடற் கலைஞர். அரங்கில் மூண்ட தீயில் அவள் உடல் அழிகிறது. மூளை மட்டும் எஞ்சுகிறது. மால்ட்ஸர் என்னும் அறிவியலாளன் அம்மூளைக்கு ஓர் உலோக உடலைச் சமைக்கிறான். அவ்வுடலுக்கு முகம் இல்லை. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் பிறை வடிவான ஒரு மறைப்பு மட்டும் உண்டு. ஓராண்டு கழித்து, அவளுடைய கலைப்பணிகளை முன்பு நிருவகித்து வந்த ஜான் ஹாரிஸ் அவளைக் காண வருகிறான். ஒரு கணம் அவன் காண்பது இயந்திரத்தையே. அவள் குரலைக் கேட்கும்போதும், அவள் எழுந்து நடக்கும் நடையைக் காணும்போதும், இவள் டியர்ட்ரியே என அவன் உணர்கிறான்.

மால்ட்ஸர் அஞ்சுகிறான். அவளுக்குப் பார்வையும் செவிப்புலனும் மட்டுமே உள்ளன. தொடுவுணர்வும் சுவையும் மணமும் இல்லை. இவ்விழப்பினால் அவளது மானிடம் சிறிது சிறிதாக வடிந்துவிடும் என்று அவன் கருதுகிறான். அவளோ மீண்டும் மேடையேறி ஆடிப் பாடி மக்களின் பாராட்டைப் பெறுகிறாள். ஆயினும் மால்ட்ஸர் தன் செயலுக்காகத் தன்னையே வெறுத்து, சாளரத்தின் வழியே குதித்து உயிர்விட முனைகிறான். கண்ணுக்குத் தென்படாத விரைவில் அவ்வறையைக் கடந்து டியர்ட்ரி அவனைக் காப்பாற்றுகிறாள். அப்போதுதான் உண்மை வெளிப்படுகிறது: அவள் மனிதரினும் குறைந்தவளாகவில்லை, மிஞ்சியவளாகிவிட்டாள். அவளது துயரம் அவ்வாற்றலிலிருந்தே பிறக்கிறது. தன்னைப் போன்றவர் வேறெவரும் இல்லை. நாளடைவில் மனிதரை விட்டு வெகுதொலைவு சென்றுவிடுவோமோ என்பதே அவளது அச்சம். கதை முடிகையில் அவள் குரலிலேயே உலோகத்தின் சாயல் சற்றே ஒலிக்கிறது.

3. கதை கண்டதும் காணத் தவறியதும்

மூர் தெளிவாகக் கண்டவை இரண்டு. முதலாவது, டியர்ட்ரி டியர்ட்ரியாக இருப்பது அவளுக்குள் மட்டும் நிகழும் செயல் அன்று. ஹாரிஸ் அவளை அறிந்துகொள்வதிலும் அது நிகழ்கிறது. உயிர்த்தெழுந்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என எண்ணிய மரியாள், தன் பெயர் அழைக்கப்பட்டபோது அவரை அறிந்ததை யோவான் 20ஆம் அதிகாரம் கூறுகின்றது. ஆள் என்பவர் அழைக்கிறவர், அழைக்கப்படுகிறவர். மொராவெக்கின் பொத்தான் இதனைச் சோதிக்க வல்லதன்று.

இரண்டாவது, மால்ட்ஸர் தன்னை அவளுடைய படைப்பாளனாக எண்ணும்போது அவள் அதனை மறுக்கிறாள். அவன் உயிரைப் படைக்கவில்லை, இருந்த உயிரைக் காத்தான், அவ்வளவே என்பது அவள் வாதம். தன்னைப் பற்றி முடிவுசெய்ய முயலும் இரு ஆடவரின் நடுவில் ஒரு பெண் கூறும் இம்மறுமொழி, நம் இறையியல் மாணவர் ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. காப்பவன் உரிமையாளன் ஆகிவிடுவதில்லை.

இனிக் கதையின் குறையைக் கூறவேண்டும். டியர்ட்ரி தன் மானிடத்தைக் காக்கத் தேர்ந்துகொள்ளும் வழி மேடையே. மக்கள் தன்னைக் காண்பதும் பாராட்டுவதும் தன்னை அவர்களோடு பிணைத்து வைக்கும் என அவள் நம்புகிறாள். ஆனால் கரவொலி ஐக்கியம் ஆகாது. கதை முழுவதிலும் அவளோடு உறவுடையோர் அவளை அமைத்தவனும், அவள் கலையை நிருவகித்தவனும், அவளை வியந்து நோக்கும் கூட்டமுமே. அவளோடு சண்டையிட்டு மறுநாள் சமாதானமாகும் உடன்பிறந்தார் இல்லை. அவளது உதவியை நாளும் எதிர்நோக்கும் அயலார் இல்லை. அவளுக்காக மன்றாடும் சபையும் இல்லை. இத்தகைய சூழலில் வாழ்பவர் தசையுடலோடு இருந்தாலும் தனிமையுறுவது உறுதி. டியர்ட்ரியின் தனிமைக்கு உலோகமே காரணம் எனக் காட்ட முனையும் கதை, அவளைச் சுற்றி அமைத்த வறண்ட உறவுகளையும் அதற்குக் காரணமாகக் கண்டிருக்க வேண்டும்.

ஆயினும் ஒரு கணத்தில் கதை தன் ஆசிரியரின் கூற்றையும் கடந்து செல்கிறது. மால்ட்ஸரைக் காப்பாற்ற டியர்ட்ரி பாய்ந்த கணமே அது. அவளது மனித இயல்பு மீறிய ஆற்றல் முற்றிலும் வெளிப்பட்ட அதே வேளையில், அவள் அயலானின் உயிருக்காகத் தன்னை மறந்தாள். வல்லமையைத் தனக்கெனப் பற்றிக்கொள்ளாது பிறருக்காகச் செலவிடுவதில் மானிடத்தின் முழுமையைக் காண்பது பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தின் கிறிஸ்தியல். அவள் தேடிய மானிடம் மேடையிலன்று, அச்சாளரத்தின் அருகிலேயே அவளுக்குக் கிட்டியிருந்தது. அதனைக் கதையில் எவரும், அவளும்கூட, எடுத்துரைக்கவில்லை.

4. எளிய கண்டனமும் அதன் போதாமையும்

இத்தகைய கனவுகளைப் பண்டைய நாஸ்டிக் கொள்கையின் மறுபிறப்பு எனக் கூறி ஒதுக்குவது நம்மிடையே வழக்கம். மொராவெக்கைப் பொறுத்தவரை இக்கண்டனத்தில் நியாயம் உண்டு. ஆஸ்கார் குல்மன் 1955இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவில், ஆன்மாவின் அழியாமை என்னும் கிரேக்க நம்பிக்கையையும், மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்னும் புதிய ஏற்பாட்டு நம்பிக்கையையும் பிரித்துக் காட்டினார். மொராவெக் முன்னதற்குக் கணினி வடிவம் கொடுத்திருக்கிறார் எனலாம்.

ஆனால் டியர்ட்ரி உடலை வெறுத்தவள் அல்லள். புதிய உடலை அவள் கற்றுக்கொள்கிறாள், அதில் ஆடுகிறாள். தசையுடலே மானிடம் என நாம் அவளிடம் கூறினால், உடல் முழுதும் செயலிழந்து கருவிகளின் துணையால் வாழ்வோரிடம் என்ன கூறுவோம்? இங்கிலாந்து நாட்டு இயந்திரவியல் அறிஞர் பீட்டர் ஸ்காட்-மார்கன், 2017இல் இயக்க நரம்பணு நோய்க்கு ஆளானவர் எனக் கண்டறியப்பட்டார். 2019இல் அவரது குரல்வளை அகற்றப்பட்டது. அதற்கு முன்னரே அவர் தம் குரலைப் பதிவுசெய்து, அதனை ஒத்துப் பேசும் செயற்கைக் குரலை ஆக்குவித்திருந்தார். பின்னர்க் கணினியின் துணையால் பேசி, 2022இல் மறைந்தார். முழு இயந்திர மனிதராவேன் என்ற அவரது அறைகூவலை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆயினும் அவர் குரலைச் சேமித்து வைத்தது யாருக்காக? அன்புடையோரோடு தொடர்ந்து உரையாடுவதற்கன்றோ? அதனை நாஸ்டிக் கொள்கை எனக் கூறுதல் அன்பற்ற செயலாகும்.

5. சபைக்குரிய பாடம்

இவ்வாராய்ச்சி தொலைநாட்டுக் கற்பனைகளோடு முடிவதன்று. மொராவெக்கின் அளவுகோலை ஏற்றுக்கொண்டால் முதலில் பாதிக்கப்படுவோர் இயந்திரமாக விரும்புவோர் அல்லர். நம் சபைகளில் மறதிநோயுற்றிருக்கும் முதியோரே. நினைவுகளின் ஒழுங்கமைப்பே ஆள் எனில், தம் பிள்ளைகளின் பெயரை மறந்துவிட்ட தாய் ஏற்கெனவே பாதி மறைந்துவிட்டார் என்று கொள்ள நேரிடும். போதகர் அவரது படுக்கையருகே திருவிருந்தை எடுத்துச் செல்வதும் பொருளற்ற சடங்காகிவிடும்.

நம் விசுவாசம் வேறு அளவுகோலை நமக்குத் தந்துள்ளது. தாய் மறந்தாலும் தாம் மறவாத கடவுளை ஏசாயா 49ஆம் அதிகாரம் அறிவிக்கின்றது. நாம் நம்மை நினைவில் வைத்திருப்பதனால் நாமாக இருக்கவில்லை, நினைக்கப்படுவதனால் இருக்கிறோம். உயிர்த்தெழுந்த ஆண்டவரின் உடலிலும் ஆணிக்காயங்கள் இருந்தன. டியர்ட்ரியின் மாசற்ற உலோக உடலிலோ தீயின் தழும்பு ஒன்றும் இல்லை. காயத்தை நீக்கிவிட்டு ஆளை மட்டும் காக்கலாம் என்னும் எண்ணத்தை நற்செய்தி நமக்குக் கற்பிக்கவில்லை.

எனவே, இயந்திரமாக மாறியும் மனிதராக இருக்க இயலுமா என வினவும் இளைஞருக்கு, இயலும் என்றோ இயலாது என்றோ போதகர் விரைந்து விடையளிக்க வேண்டியதில்லை. அம்மாற்றத்தின் பின் உன்னைப் பெயர் சொல்லி அழைக்க யார் இருப்பார், உன்னால் தாங்கப்பட யார் இருப்பார் என்று அவரிடம் வினவலாம். மறதிநோயுற்ற முதியவரின் இல்லத்திற்கு அடுத்த ஞாயிறன்று அவரையும் உடன் அழைத்துச் செல்லலாம். மூரின் கதையை இறையியல் வகுப்பில் வாசிப்பதும் பயனுடையது. அது விடாது எழுப்பும் வினாவுக்கு விடையைச் சபை தன் வாழ்வில் காட்டக் கடமைப்பட்டுள்ளது.