முப்பத்தொரு ஒன்றுகள்

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. வாய்விட்டுச் சொன்னால் பட்ஜெட் ஒதுக்கீடு போலத்தான் ஒலிக்கிறது. 2,14,74,83,647 என்று எழுதிப் பார்த்தாலும் முகத்தில் தனிக்களை ஏதும் தெரியாது. இதையே இரும எண்ணாக எழுதுங்கள்: இடையில் ஒரு பூஜ்யம்கூட இல்லாமல் 31 ஒன்றுகள். தளும்பத் தளும்ப நிரம்பிய படி. இன்னும் ஒன்றைக் கூட்டினால் வண்டி மீட்டர் போல அத்தனையும் பூஜ்யமாகப் புரண்டு, முன்னால் புதிதாக ஓர் ஒன்று முளைக்கும்.

இரண்டின் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைவு; ஆகவே மெர்சென் எண். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வகுபடாது. ஆகவே மெர்சென் பகா எண், வரிசையில் எட்டாவது. அடுக்காக நிற்கிற 31ஐப் பாருங்கள். இரண்டின் ஐந்தாம் அடுக்கில் ஒன்று குறைவு, அதுவும் பகா எண்! அப்பன் தோளில் பிள்ளை ஏறி நிற்பதுபோல இப்படி மெர்சென்மேல் மெர்சென்னாக நிற்கும் பகா எண்கள் இதுவரை தெரிந்தவை நான்கே: 7, 127, இது, பிறகு 39 இலக்கம் கொண்ட ஒரு பெரியவர்.

நம் எண்ணைப் பகா எண் என்று 1772இல் காட்டியவர் கணிதவியலாளர் ஆய்லர். பார்வை ஏறக்குறைய முழுதும் போயிருந்த காலம் அது. நேர்வழியில் போனால் இதன் வர்க்கமூலம் வரை, அதாவது 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 4,800 கணக்குகள். ஆய்லர் முதலில் யோசித்தார். இதற்கு ஒரு பகா வகுத்தி இருந்தால் அதை 248ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63தான் வரும். மற்ற எண்களெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. மிஞ்சியவை அதிகம் போனால் 372. அவற்றில் முதல் பகா எண் 311. பேப்பரில் வகுத்துப் பார்த்தேன்: 69,05,092 தடவை போய் 35 மீதி. அடுத்தது 1303; மீதி 226. அதற்குமேல் எனக்குப் பொறுமையில்லை.

நம் எண்ணை இரண்டின் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் 19 இலக்க நிறைவெண் கிடைக்கும். தன்னைத் தவிர்த்த தன் வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குத் தானே சமமான எண். இதைவிடப் பெரிய நிறைவெண்ணை யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, அதனால் பயனுமில்லை என்று 1811இல் கணிதவியலாளர் பீட்டர் பார்லோ எழுதிவைத்தார். 1876இல் கணிதவியலாளர் லூக்கா அந்த 39 இலக்கப் பெரியவரைப் பகா எண் என்று நிறுவ, அதைவிடப் பெரிய நிறைவெண் வந்துவிட்டது.

கணிப்பொறிக்கு இந்தப் பகாத்தன்மை பற்றிக் கவலையே இல்லை. 32 பிட்டில் ஒன்றைக் கூட்டல்-கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் மிச்சம் 31. அதில் கொள்ளும் உச்ச எண் இது, அவ்வளவே. 1970 முதல் விநாடிகளை அந்த 32 பிட் பெட்டியில் எண்ணிவரும் பழைய கணிப்பொறிகளில் 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்குப் படி நிரம்பும். அடுத்த விநாடி அவை 1901 டிசம்பரில் போய் நிற்கும்.